இரு கரையிலும் எண்ணப்பட்டவள்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் அந்த வெளிநாட்டு நிறுவனம் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துக் கந்தோர் நடத்தியது. முன்னறைச் சுவரில் பாதியை ஒரு தாள் மூடியிருந்தது. ஆறு பெரிய தாள்களைப் பசை தடவி ஒட்டி ஒன்றாக்கியது அது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஊர்களின் பெயர்கள். தலைப்பில் நான்கு வேலைகள்: குடிநீர், மீன்பிடி, தாய்சேய் நலம், பாலர் பள்ளி. எந்த ஊரில் எந்த வேலை நடக்கிறதோ, நடக்கப்போகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு நிற அட்டை குத்தியிருக்கும். மற்றக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். இந்தத் தாளைப் பார்த்துக்கொள்வதுதான் டொமினிக்கின் உத்தியோகம்.

இப்படியும் ஓர் உத்தியோகம் இருக்கும் என்று 1976 வரை அவருக்குத் தெரியாது. நிறுவனத்துக்கும் தெரிந்திருக்கவில்லை. கொழும்பிலிருந்த நாட்டு அலுவலகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெரியவர் இருந்தார். கிணற்றுக்காரர்கள் தங்கள் பெரியவருக்குக் கடிதம் எழுதினார்கள். மருத்துவிச்சிகள் தங்கள் பெரியவருக்கு எழுதினார்கள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. ஒரு நாள் குடிநீர், மீன்பிடி, தாய்சேய் நலம் என்று மூன்று பகுதி ஆட்களும் ஒரே லோஞ்சில் ஏறி, கொட்டியாரக் குடாவைக் கடந்து, மூதூரில் இறங்கிக் கட்டைபறிச்சானுக்குப் போனார்கள். லோஞ்சில் ஒரே பலகையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் நெருப்புப்பெட்டி கொடுத்து வாங்கியும், யார் எவர் என்று கேட்டுக்கொள்ளவில்லை. ஊரில் மூவரும் தனித்தனியே கிராம சேவகரிடம் போய்ச் சனத்தைக் கூட்டித் தரச் சொன்னார்கள்.

"என்னட்ட இருக்கிறது ஒரு சனந்தான் ஐயா," என்றார் அவர். "மூண்டாப் பங்கு பிரிச்சுத் தரட்டோ, இல்லாட்டி நீங்கள் மூண்டு பேரும் ஒண்டாய் வாறீங்களோ?"

இந்தக் கதை கொழும்பு வரை போனது. கேட்டவர்கள் சிரித்தார்கள். நாட்டு இணைப்பாளர் ஹோல்ம் மட்டும் சிரிக்கவில்லை. நெடிய, அமைதியான வெள்ளைக்காரர் அவர். மாவட்டத்துக்கு எழுத்துவேலைக்கு ஓர் இணைப்பு லிகிதர், சுவரில் ஒரு தாள், மாதத்தின் முதல் திங்களில் ஒரு கூட்டம் என்று ஒழுங்கு செய்தார். கூடவே ஒரு விதியும் வைத்தார்: ஓர் ஊரின் வரியில் மூன்று அட்டைகள் சேர்ந்து கேட்கப்பட்டால் அந்த ஊருக்கே முதலிடம். கிணறு ஓரிடத்திலும் மருத்துவ அறை வேறிடத்திலுமாகச் சிதறிக் கிடப்பதை அவர் வெறுத்தார்.

திருகோணமலைக்கு லிகிதரானபோது டொமினிக்குக்கு நாற்பது வயது. பதினெட்டு வயதில் கடற்படைத் தளத்துக் களஞ்சியத்தில் லிகிதராகச் சேர்ந்தவர். மூன்று வருடம் கழித்து ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பல் ஏறினான். வேலை போனது. பிறகு கூட்டுறவுச் சங்கத்தில் கொஞ்சக் காலம், ஒரு பள்ளிக்கூடக் கந்தோரில் கொஞ்சக் காலம். மூன்று தங்கச்சிமாரைக் கரைசேர்த்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, தனக்கென்று எதையும் ஆசைப்பட்டுப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. அதைப் பெரிய துக்கமாக அவர் நினைக்கவில்லை. ஆசைப்படவும் பழக்கம் வேண்டும். அது அவருக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் இறக்கக்கண்டியில் வந்து ஒட்டிக்கொண்டது.

நிலாவெளிக்கு வடக்கே, தெருவுக்குக் கடற்பக்கமாக, வருடா வருடம் பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் முடிந்த கையோடு ஒரு வாடி, மீனவர்களின் பருவக் குடியிருப்பு, முளைக்கும். புத்தளத்துக் கரையிலிருந்து, கற்பிட்டிக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரிலிருந்து, கரைவலைக்காரர்கள் லொறிகளில் வந்து இறங்குவார்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள். அந்த மாதங்களில் அவர்களுடைய கடல் கொந்தளிக்கும், இந்தக் கடல் படுத்துக் கிடக்கும். தடியும் கிடுகும் கொண்டு கொட்டில்கள் போட்டு, மணலில் இடுப்பளவு குழி தோண்டிப் பூவல் எடுப்பார்கள். பூவலில் ஊறுகிற நீர்தான் குடிக்கவும் குளிக்கவும். செப்டம்பர் கடைசியில் காற்று மாறும். லொறி வரும். இரண்டு நாளில் கரை பழையபடி வெறுங்கரையாகிவிடும்.

மாகிரட் அந்த வாடியில் கருவாட்டுக்குப் பொறுப்பு. முப்பத்தாறு வயது. கட்டி நாலாம் வருடமே காய்ச்சலில் புருசனைப் பறிகொடுத்தவள். இருபது பெண்கள் அவள் சொல்லுக்கு வெட்டுவார்கள், உப்பிடுவார்கள், பாயில் விரிப்பார்கள். டொமினிக் முதல் தடவை படிவமும் கையுமாகப் போய் நின்றபோது, அவள் நிமிராமலே கேட்டாள்:

"மீன் வாங்க வந்தனீங்களோ, எங்களை வாங்க வந்தனீங்களோ?"

"விபரம் எடுக்க வந்தனான்."

"அது சும்மா கிடைக்கும். இருங்கோ."

கவிழ்த்து வைத்த ஒரு பெட்டியைக் காலால் தள்ளிவிட்டாள். டொமினிக் இருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு பருவத்திலும் மாதத்துக்கு இரண்டு தடவையாவது இறக்கக்கண்டியில் ஏதோ ஒரு விபரம் குறைந்துகொண்டே இருந்தது. வழியிலுள்ள சல்லி என்ற ஊரில் வேலை என்று புறப்பட்டாலும் சைக்கிள் மேலும் வடக்கே போகும். அவளோடு பேசியதில் பாதி மீனைப் பற்றி, மீதி யாரையாவது நையாண்டி செய்வது. அவர் சொல்ல நினைத்தது ஒன்றும் அந்தப் பேச்சில் இல்லை. செப்டம்பரில் அவள் போவாள். ஒக்டோபரில் மழை தொடங்கும். ஆறு மாதம் அவர் தாளில் அட்டைகளை மாற்றிக் குத்திக்கொண்டு, வெறுங்கரைகளின் வழியே சைக்கிளில் போய்வந்தார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விசயம். கிணற்றுப் பகுதி றஊப் கிண்ணியாக்காரன், வாய்க்காரன்.

"டொமினிக் அண்ணன், சல்லிக்கும் இறக்கக்கண்டிக்கும் எத்தனை மைல்?" என்பான்.

"ஏன்?"

"இல்ல, உங்கட சைக்கிள் டயர் தேஞ்ச கணக்குக்கு அது இந்தியாவுக்குக் கிட்ட வருது."

தாய்சேய் நலத்துக்குப் பொறுப்பான ஸுல்பிகா தலை முந்தானைக்குள் சிரிப்பை மறைப்பாள். "விடு றஊப். அண்ணனுக்கு அங்க காத்து நல்லாப் பிடிக்குது."

1979 ஜூலையில் டொமினிக் அந்த வாடியை எண்ணினார். கொட்டில் கொட்டிலாகப் போய், பெயர் கேட்டு, பிள்ளைகளின் வயது கேட்டு, ஒழுங்காகவே எண்ணினார். நாற்பத்தாறு குடும்பங்கள். படிவத்தில் 'இங்கு வசிக்கும் குடும்பங்கள்' என்று ஒரு கேள்வி இருந்தது. எத்தனை மாதம் என்று அது கேட்கவில்லை. அவர் பேனையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். வசிப்பது என்றால் என்ன? இன்றைக்கு இங்கே சமைக்கிறார்கள், உறங்குகிறார்கள், ஒருத்தி பிள்ளை பெற்றும் இருக்கிறாள். ஒரு மனிதன் எத்தனை நாள் ஓரிடத்தில் விழித்தெழுந்தால் அது அவனுடைய இடமாகும்? யோசனை ஆழமானதுதான். ஆனால் அதற்குள் ஒரு தந்திரம் ஒளிந்திருந்ததும் அவருக்குத் தெரியும். 46 என்று எழுதினார். குறிப்பு எழுதும் இடத்தை வெறுமையாக விட்டார்.

பிறகு ஹோல்மின் விதியைப் பிடித்துக்கொண்டார். சீமெந்து வளையம் இறக்கிய ஒரு கிணறு. கருவாடு போட ஓர் ஓட்டுக் கொட்டகை. மாரியில் கடலுக்குப் போக ஏலாவிட்டாலும் பக்கத்துக் கடலேரியான களப்பில் பிடிக்கும் இறாலை அங்கே அவித்து உலர்த்தலாம். பக்கத்தில் மருத்துவிச்சிக்கு ஓர் அறை. மூன்றும் ஒரே வரியில் சேர்ந்துவிட்டால் இந்த மனிதர்கள் போவதற்கு என்ன காரணம் இருக்கும்? வரியில் எழுதியது நாற்பத்தாறு குடும்பம். மனதில் இருந்தது ஓர் ஆள். அவள் ஒரு மாரி இங்கே நிற்கவேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

றஊப் மட்டும் ஒரு தடவை முணுமுணுத்தான். முஸ்லிம் பெரியவர்களை அவன் காக்கா என்பான்.

"தெருவுக்கு உள்பக்கம் முஹம்மது தம்பி காக்காட ஊர் இருக்கே அண்ணன். முப்பத்தெட்டுக் குடும்பம். ஆவணி வந்தா அவங்கட கிணறு உப்பு. அவங்கட அட்டை வாற வருசத்துக்கெண்டு குத்தியிருந்திச்சு."

"அது இருக்கும். இன்னும் ஒரு வருசம் தள்ளும், அவ்வளவுதான்."

றஊப் தன் படிவங்களை அடுக்கத் தொடங்கினான். டொமினிக் தாளைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் கொழும்பிலிருந்து அனுமதி வந்தது. மூன்று வேலைகளுக்கும் ஒரே கடிதம். அப்படி ஒரு கடிதம் அந்தக் கந்தோருக்கு முன்னர் வந்ததில்லை. டொமினிக் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறக்கக்கண்டிக்குப் போனார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையாக இருந்து சாளை பிளந்துகொண்டிருந்தார்கள்.

"மாகிரட், ஒரு விசயம்."

"சொல்லுங்கோ கிளாக்கர். கைதான் மீனில. காது சும்மாதான் கிடக்கு."

அவர் சொன்னார். கிணறு, கொட்டகை, அறை. சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்குப் புதிதாக இருந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சீமெந்துக் கிணறோ? இந்த மணலிலயோ?"

"ஓம். வருசம் முழுக்க நல்ல தண்ணி."

"வருசம் முழுக்க ஆருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எங்களை என்னெண்டு எழுதிக் கேட்டனீங்கள்?"

"இங்க வசிக்கிற நாப்பத்தாறு குடும்பம் எண்டு."

"ஆர் சொன்னது?"

"நான் எண்ணினனானெல்லே."

"எண்ணினனீங்கள். கேட்டனீங்களோ?"

டொமினிக்கின் கை சட்டைப் பையிலிருந்த கடிதத்துக்குப் போனது. அவள் எழும்பி, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, பூவல் பக்கமாக நடந்தாள். அவர் பின்னால் போனார்.

"நாங்கள் போகேக்க இதையெல்லாம் மூடிப்போட்டுத்தானே போறம். ஏன் எண்டு தெரியுமோ?"

"ஆடு மாடு விழாமல் இருக்க."

அவள் திரும்பிப் பெண்களைப் பார்த்துக் கத்தினாள்: "கேட்டீங்களோடி! ஆட்டுக்காகப் பூவல் மூடுறமாம்! கிளாக்கர் கண்டுபிடிச்சிருக்கிறார்!"

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, "அப்ப எங்களுக்கு வலை இழுக்கக் கரை தந்ததும் ஆடுதான்!" என்றாள். சிரிப்பு அடங்கும் வரை நின்று, மாகிரட் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

இந்தக் கரைப்பாடு, வலை இழுக்கிற இந்தத் துண்டுக் கரை, முஹம்மது தம்பியின் குடும்பத்துக்குரியது. அவருடைய பாட்டனார் காலத்தில் மாகிரட்டின் பாட்டனார் வந்து கேட்டார். பருவத்துக்கு இறங்கலாம் என்று வாய்ச்சொல்லில் உத்தரவு கிடைத்தது. தாள் இல்லை, கையெழுத்து இல்லை. ஒரேயொரு நிபந்தனை: போகும்போது இந்த மண்ணில் ஒன்றையும் நட்டுவைத்துவிட்டுப் போகக்கூடாது. தடியெல்லாம் பிடுங்கவேண்டும். பூவலெல்லாம் மூடவேண்டும். கடைசிப் பூவல் மூடும்போது சம்மாட்டி, அதாவது கரைக்கு உரியவர், வந்து நிற்பார். வலைக்காரரில் மூத்தவர் ஒரு பிடி மணலைப் போட்டு மிதித்து, "இங்க எங்களுக்கு ஒண்டுமில்லை சம்மாட்டியார்," என்பார். சம்மாட்டியார், "அப்ப அடுத்த பருவம் வாங்க," என்பார். ஐம்பது வருடமாக இதுதான் உறுதிச்சீட்டு.

"ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போறபடியாலதான் நாங்கள் திரும்பி வாறம்," என்றாள் மாகிரட். "நீங்கள் இறக்கப் போற சீமெந்து வளையத்தை நான் எதால மூடுறது, சொல்லுங்கோ."

டொமினிக் குனிந்து பூவலுக்குள் பார்த்தார்.

"அந்தச் சனம் பின்னால உப்புத் தண்ணி குடிக்குது. நாங்கள் முன்னால கிணறு கட்டி இருக்கிறதோ? அடுத்த பாஸ்குக்கு எங்களை லொறியால இறங்க விடாயினம் கிளாக்கர். நானெண்டாலும் விடமாட்டன்."

அன்று சைக்கிளை அவர் ஏறி ஓட்டவில்லை. நிலாவெளிச் சந்தி வரை உருட்டிக்கொண்டே நடந்தார். முழு வருடத்தை ஆசைப்பட்டதில் கையிலிருந்த அரை வருடமும் போகப்போகிறது. ஆசையின் குணம் அது என்று சும்மா இருக்கலாம். ஆனால் இங்கே ஆசைப்பட்டது ஒருவர், இழக்கப்போவது நாற்பத்தாறு குடும்பம்.

அடுத்த வாரம் கிணற்று வளையங்கள் லொறியில் வந்து தெருவோரம் இறங்கின. றஊப் கந்தோருக்கு வந்து தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டான்.

"முஹம்மது தம்பி காக்கா வந்தார் அண்ணன்."

"என்ன கேட்டார்?"

"ஒண்டும் கேக்கல்ல. வளையத்தை ஒரு சுத்துச் சுத்திப் பார்த்தார். கையால ஒருக்காத் தட்டிப் பார்த்தார். போயிட்டார். மனிசன் ஏசியிருந்தா எனக்கு நித்திரை வந்திருக்கும்."

"எப்ப இறக்கப் போறாய்?"

"செப்டம்பர் இருபதுக்குப் பிறகு."

"பன்னிரண்டாம் தேதி கொழும்பில நாட்டுக் கூட்டம். அது முடியும் வரைக்கும் மண்ணில கை வைக்காத."

றஊப் தொப்பியைப் போட்டுக்கொண்டான். நக்கல் ஒன்று வாய் வரை வந்து நின்றது. "சரி அண்ணன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கொழும்புக் கூட்டத்துக்கு ஏழு மாவட்டத்து லிகிதர்களும் தங்கள் தாள்களைச் சுருட்டிக் குழல்போல் தோளில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நீளமான ஒரு மண்டபம். தாள்களைச் சுவரில் அடுத்தடுத்து ஒட்டி, ஹோல்ம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தபடி கூட்டிக்கொண்டு வந்தார். நாடு முழுவதும் எத்தனை குடும்பங்களுக்கு நிறுவனம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்ற தொகை ஐரோப்பாவுக்குப் போகவேண்டும்.

திருகோணமலைத் தாளுக்குப் பக்கத்தில் புத்தளத்துத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. தேநீர் இடைவேளையில் டொமினிக் அதன் முன்னால் போய் நின்றார். கற்பிட்டிக்குத் தெற்கேயுள்ள ஊர்ப்பெயர்களை விரலால் தடவி இறங்கினார். அவளுடைய ஊர் இருந்தது. குடும்பங்கள்: 46. அந்த வரியில் நான்கு கட்டத்திலும் நான்கு அட்டைகள். கிணறு எழுபத்தேழிலேயே கட்டி முடிந்திருந்தது. மருத்துவ அறை, கருவாட்டுக் கொட்டகை, பாலர் பள்ளி, எல்லாம்.

புத்தளத்து லிகிதர் கையில் கோப்பையோடு வந்தார். தடித்த, நல்ல மனிதர்.

"அது நல்ல ஊர். ஜனவரியில வீடு வீடாப் போய் எண்ணினன். ஒரு ஆள் விடுபடேல்ல."

"ஓம்," என்றார் டொமினிக். "ஒரு ஆளும் விடுபடேல்ல."

தான் இத்தனை பாடுபட்டுக் கொடுக்க நினைத்த எல்லாம் அவளிடம் இரண்டு வருடமாகவே இருந்திருக்கிறது. அவள் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நிறுவனத்தின் சுவரில் மாகிரட் இரண்டு தடவை வசித்தாள். இரண்டு கரையிலும் எண்ணப்பட்டிருந்தாள். ஆனால் அவளை எண்ணிய ஒரு தாளிலாவது, அவள் லொறியில் ஏறி இங்கிருந்து அங்கே போகும் அந்தச் செப்டம்பர் நாள் இல்லை. அந்த நாளில் அவளைப் பார்த்திருப்பவர் டொமினிக் ஒருவர்தான். அவரும் அதை எழுதவில்லை.

கூட்டம் திரும்பக் கூடியபோது அவர் எழும்பினார். தளத்தில் பழகிய ஆங்கிலம், கொஞ்சம் விறைத்த ஆங்கிலம். புத்தளத்து நாற்பத்தாறும் திருகோணமலை நாற்பத்தாறும் ஒரே ஆட்கள் என்றார்.

யாரோ சிரித்தார்கள். புத்தளத்துக்காரர் அவசரமாக உதவிக்கு வந்தார். "இடம் மாறித் தொழில் செய்கிறவர்கள். எண்ணும்போது பிழை வருவது சாதாரணம்."

"பிழை இல்லை," என்றார் டொமினிக். "எண்ணும்போதே எனக்குத் தெரியும்."

ஹோல்ம் பேனையை மூடி வைத்தார். "ஏன் செய்தீர்கள்?"

"அவர்கள் அங்கே நின்றால் நல்லது என்று நினைத்தேன்."

"யாருக்கு நல்லது?"

டொமினிக் சுவரிலிருந்த தன் தாளைப் பார்த்தார். அந்த மண்டபத்தில் அவர் சொல்லாமல் விட்டது அது ஒன்றைத்தான். ஹோல்மும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. பாராட்டவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. திருகோணமலைத் தாளைக் காட்டி, "உங்கள் கையாலேயே திருத்துங்கள்," என்றார். டொமினிக் மூன்று அட்டைகளையும் கழற்றினார். கிணறும் மருத்துவ அறையும் முஹம்மது தம்பியின் ஊருக்குப் போயின. கொட்டகை சல்லிக்குப் போனது. நாட்டுத் தொகையில் நாற்பத்தாறு குறைந்தது.

செப்டம்பர் கடைசி வாரம் அவர் இறக்கக்கண்டிக்குப் போனபோது றஊப்பின் ஆட்கள் வளையங்களைத் தெருவுக்குக் குறுக்கே உள்பக்கமாக உருட்டிக்கொண்டிருந்தார்கள். முஹம்மது தம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதட்டிக்கொண்டிருந்தார்.

"மெல்ல! மெல்ல! வளையம் உடைஞ்சா உங்கட வாப்பாவா தாறது?" டொமினிக்கைக் கண்டதும் குரலை மாற்றினார். "வாங்க கிளாக்கர். என்ன, தெரு எந்தப் பக்கம் எண்டு கொழும்பில சொல்லித் தந்தாங்களா?"

"ஓம் காக்கா. சொல்லித் தந்தவை."

"அல்லாஹ் காவல். முதல் வாளித் தண்ணிக்கு நீங்க வரணும்." சொல்லிவிட்டு அவர் வளையத்தின் பின்னாலேயே போனார். அவ்வளவில் அது முடிந்தது.

கரையில் கொட்டில்கள் பிரிந்துகொண்டிருந்தன. மாகிரட் மண்வெட்டியால் ஒரு பூவலை மூடிக்கொண்டிருந்தாள்.

"மாத்திப்போட்டீங்களாம்," என்றாள்.

"ஓம்."

"வேலை இருக்கோ, போச்சோ?"

"இருக்கு. ஒரு கடிதம் தந்திருக்கினம்."

"என்னெண்டு?"

"இனிமேல் விரும்பினதை எழுதாமல் கண்டதை எழுதட்டாம்."

அவள் சிரித்தாள். அவர் பக்கத்தில் கிடந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்து மணல் தள்ளத் தொடங்கினார். மணல் ஈரமாக, கனமாக இருந்தது.

"புத்தளத்துத் தாளில உங்கட ஊரைக் கண்டனான். நாலு வேலையும் நடந்திருக்கு."

"ஓம். நல்ல தண்ணி."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்லையே. நான் எங்கயிருந்து வாறன், அங்க என்ன இருக்கு எண்டு இத்தனை வருசத்தில ஒருக்கா எண்டாலும் கேட்டனீங்களோ? இங்க வந்து இறங்கிற நாளிலதான் நான் பிறந்தனான் எண்டு நினைச்சிருக்கிறீங்கள்."

அது உண்மை. அவள் இல்லாத ஆறு மாதத்தில் அவள் எங்கேயும் இல்லை என்றே அவர் வாழ்ந்திருந்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பேசவேண்டியது ஒன்றுதான். அதைச் சொல்ல ஏலாமல்தான் மூன்று திட்டங்களைக் கொழும்பு வரை இழுத்திருக்கிறார்.

"அப்ப இப்ப கேக்கிறன். நில்லுங்கோ, மாகிரட். வாடியில இல்லை. என்ர வீட்டில. என்னோட."

அவள் மணலை மிதித்துக்கொண்டே இருந்தாள். பாதம் ஒரே இடத்தில் ஏறி இறங்கியது.

"இதுக்கோ கிணறும் கொட்டகையும்?"

"ஓம்."

"ஆண்டவரே," என்றாள் அவள். குரலில் நையாண்டி இல்லை. மண்வெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா அங்க படுக்கையில கிடக்கிறா. பருவத்துக்கு அங்க நிக்கிற கிழடுகள் பாக்குதுகள், இனி நான் போய்த்தான் அவவைத் திருப்பிக் கிடத்தோணும். மாரி முழுக்க என்ர கையைப் பாத்து இருவது பெண்டுகள். ஏலாது கிளாக்கர்."

"விளங்குது."

"விளங்கினா முகத்தை இப்பிடி வைச்சிருக்காதேங்கோ. பாஸ்கு முடிய வருவம்."

மாலையில் கடைசிப் பூவலுக்கு முஹம்மது தம்பி வந்தார். மாகிரட்டின் சித்தப்பா ஒரு பிடி மணல் போட்டு மிதித்துச் சொல்லவேண்டியதைச் சொன்னார். சம்மாட்டியார் சொல்லவேண்டியதை அவரும் சொன்னார். டொமினிக் தள்ளி நின்று கேட்டார். அடுத்த பருவம் வாங்க என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் அவர் கொழும்பில் எழும்பி நின்றது. அது கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகும் லொறி போன பாதையில் தூசி அடங்கும் வரை அவரால் அந்த இடத்தை விட்டு அசைய முடியவில்லை.

எண்பதில் அவள் வந்தாள். டொமினிக் இந்தத் தடவை கேட்டார்: அம்மாவின் நோய், அந்தக் கரைக் கோயில், மாரியில் அங்கே கடலின் நிறம், அவள் வீட்டுச் சன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது வரை. அவள் கருவாடு விரித்துக்கொண்டே சொன்னாள். அந்த மாரியில்தான் முதல் தடவையாக, அவள் போன பிறகும் அவளை ஓர் இடத்தில் வைத்து நினைக்க அவரால் முடிந்தது. ஏக்கம் அதனால் குறையவில்லை. முன்பு வெறுங்கரையைப் பார்த்து ஏங்கினார். இப்போது ஒரு சன்னலையும் ஒரு கட்டிலையும் நினைத்து ஏங்கினார். போகிற நாளில் அவர் கேட்டதற்கு அவள் அந்த வருடமும் ஏலாது என்றுதான் சொன்னாள். கேட்காமல் விட்டிருந்தால் கோபித்திருப்பாள் என்று றஊப் பிறகு சொன்னான்.

எண்பத்தொன்று ஜனவரியில் அவளுடைய அம்மா கண்ணை மூடினார். புத்தளத்து லிகிதர் கொழும்பு வழியாக அனுப்பிய ஒரு தபாலின் அடியில் இரண்டு வரி எழுதியிருந்தார். பாஸ்கு முடிந்து அவள் கறுப்புச் சேலையோடு லொறியால் இறங்கினாள். அந்தப் பருவம் மாகிரட்டின் மச்சாள் அவளுக்குப் பக்கத்தில் இருந்து கருவாட்டு வேலை பழகிக்கொண்டாள். மற்றப் பெண்கள் டொமினிக் வரும்போது அவர் இருக்கும் பெட்டியைத் துடைத்து வைத்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் அவர் கேட்டார். சொற்களைக் கூட மாற்றவில்லை. மாகிரட்டின் கையில் மணல் இருந்தது. லொறியில் ஏறியிருந்தவர்கள் கூப்பிட்டார்கள். அவள் அவரைப் பார்த்தாள், பின்னால் தெருவைப் பார்த்தாள், உள்பக்கத்துக் கிணற்றடியில் குடத்தோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். சாரதி ஹோர்னை அழுத்தினான். அவள் பேச வாயெடுத்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல், கையிலிருந்த மணலைக் கொட்டிவிட்டு, பின்பலகையில் கால் வைத்து ஏறினாள்.

ஓம் என்று சொல்லவில்லை, ஆனால் இந்தத் தடவை ஏலாது என்றும் அவள் சொல்லவில்லை. டொமினிக் நிலாவெளிச் சந்தி வரை சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். வழியில் முதல் மழை பிடித்தது. அவர் ஒதுங்கி நிற்கவில்லை.